எங்க தெருச் சண்டைக்கு மெட்டுப் போட்டாங்க

ஜனவரி 18, ஞாயிறு

பனி. எதிர்வீடே தெரியல. நல்ல நாள்.

பொங்கப் பானை, கரண்டி எல்லாம் புளி போட்டுத் தேச்சு பரண்ல ஏத்தியாச்சு. கரும்புத் துண்டு மீதி மாட்டுக்கு. வலது முழங்கால் வலி. இடது பரவால்ல.

இந்த டைரி ஜவுளிக்கடையில குடுத்தது. போன வருஷம் அட்டை கெட்டி. இந்த வருஷம் வளையுது. மனசுல வெச்சிருக்கேன்.

சாயங்காலம் மது வந்து மடியில தலை வெச்சா. ஏதோ வேணும்னு அர்த்தம். என் பேத்தி, ஏழாங்கிளாஸ்.

"ஆயா, ஸ்கூல் நாடகத்துல நான் மெயின்."

"மெயின்னா?"

"ரெண்டு பேருக்குத்தான் பெரிய வேஷம். ஒண்ணு நானு. இன்னொண்ணு பூரணி."

பூரணி எதிர்வீட்டுக்காரியோட பேத்தி. எதிர்வீட்டுக்காரின்னு முழுசா எழுதப் போறதில்ல. இனிமே எ.வீ. அவளுக்கு இவ்ளோ மை போதும். அவகிட்ட நான் பேச்சை நிறுத்தினப்போ என் புள்ளை குமரேசனுக்கு மீசை முளைக்கல. இப்ப மீசையில நரை. பேத்திங்க ரெண்டும் ஒண்ணா ஸ்கூலுக்குப் போவுது, ஒண்ணா வருது. தடுக்கல. என் சண்டை என்னோடது.

பேச்சு நாடகம் இல்லியாம். பாட்டு நாடகம். பாட்டு நிறைய, சிரிப்பு அதைவிட நிறைய. வெள்ளைக்காரங்க ஊர்ல எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல ஆடினது. ஆப்பரெட்டான்னு பேராம். அதைத்தான் அவங்க பாட்டு டீச்சர் நம்ம பசங்களுக்குத் தோதா மாத்தி எழுதறாங்களாம்.

டீச்சர் பேரு நஸ்ரின். சரிகை யாவாரம் பண்ற பாய் வீட்டுப் பொண்ணு. அவங்க தாத்தா ஒரு தடவ எங்களுக்குக் கறுத்துப்போன சரிகை குடுத்தாரு. கேட்டதும் திருப்பி எடுத்துக்கினாரு. அதனால அது கணக்குல இல்ல.

நான் நாலாவது படிக்கும்போது ஸ்கூல்ல நாடகம் போட்டாங்க. எனக்கு மரம் வேஷம். பேசக்கூடாது, ஆடக்கூடாது. ராணி வேஷம் போட்டவளுக்குப் பாட்டும் வரல, பேச்சும் வரல. அவ அப்பா பஞ்சாயத்துல இருந்தாரு, அதனால ராணி.

"பாடு, பாப்போம்"னேன். பாடினா. தொண்டை என்னோடதுதான். சத்தம் தெருக்கோடி வரைக்கும் போவும்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில் இல்ல. வத்தல் காய வெக்க முடியல.

வாங்கணும்: துவரம்பருப்பு, தலைவலித் தைலம், மதுவுக்கு ரிப்பன் (பச்சை), கோலமாவு.

மது ஒரு கட்டுத் தாளோட வந்தா. வெள்ளைக்காரக் கதையில இன்னா இருந்துது, டீச்சர் இன்னாவா மாத்தினாங்கன்னு வரிசையா சொன்னா. இட்லிக்கு ஊறப் போட்டுக்கினே கேட்டேன்.

அங்க ஒரு ஆறு. ரெண்டு கரையிலயும் ரெண்டு மாவு மில்லு. ரெண்டு மில்லுக்காரங்களுக்கும் தண்ணிச் சண்டை. இங்க ஒரு தெரு, ரெண்டு பக்கமும் தறி வீடு.

அங்க பிரபு வந்து பஞ்சாயத்து பண்றாரு. இங்க கலெக்டர்.

பிரபுவும் அவர் வேலைக்காரனும் சட்டையை மாத்திக்கினு வர்றாங்க. இங்க கலெக்டரோட டிரைவர் நல்ல சட்டை போட்டிருக்காரு, கலெக்டர் கசங்கின சட்டை. ஜனங்க டிரைவர் கழுத்துல மாலை போட்டு, நாற்காலியில உக்கார வெச்சு, கலெக்டர் கையில நூலுக்குப் போடற கஞ்சி வாளியைக் குடுத்துடறாங்க. இதுக்கு நான் சிரிச்ச சிரிப்புல உளுந்து சிந்திச்சு.

அங்க சாராயம் குடிச்சுட்டு ஒரு பாட்டு. இங்க பன்னீர் சோடா.

அங்க மில்லுக்காரன் மகனும் எதிர்க்கரை மகளும் காதலாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அதை அடிச்சுட்டாங்க. இப்ப ரெண்டு வீட்டு ஆடும் சிநேகமாம். ஆட்டுக்கு ஒரு பாட்டு.

"பெரியவங்க தொண்டைக்கு எழுதின பாட்டு ஆயா. அப்பிடியே பாடுனா எங்களுக்குத் தொண்டை கிழிஞ்சுடுமாம். அதனால சுருதி இறக்கி, நீளத்தை வெட்டி, நடுவுல மூச்சு விட இடம் வெச்சிருக்காங்க."

"கூட்டமா நிக்கறதுங்களுக்கு?"

"கோரஸ்ல நிக்கற எல்லாருக்கும் தனியா ஒரு வரி உண்டு. டீச்சர் ஸ்டிரிக்டா சொல்லிட்டாங்க. வரி இல்லாம ஒரு ஆள் மேடை ஏறக்கூடாது."

நல்ல பொண்ணு. பாயோட சரிகை நிஜமாவே கணக்குல இல்ல.

ஜனவரி 22, வியாழன்

ஸ்கூல் ஹால்ல பெயிண்ட் அடிக்கறாங்களாம். ஒத்திகை எங்க தெருவுல! தறியில ஏத்தற நூலைப் பாவா நீட்டற தெருங்கறதால நீளமும் உண்டு, நடுவுல வண்டி நிறுத்தறதும் இல்ல.

நாலு மணியிலேர்ந்து ஜன்னல்ல நான். எதிர் ஜன்னல்ல எ.வீ. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கினு அவ பக்கம் பாக்கல. ஆனா தெரியும், அவ பனங்கிழங்கு சாப்பிட்டுக்கினு இருந்தா.

டீச்சர் சின்னப் பொண்ணு. தலையில துப்பட்டா, கழுத்துல விசில். கீபோர்டை இஸ்திரிக்காரர் வண்டி மேல வெச்சாங்க. இஸ்திரிக்காரர் இன்னிக்குத் துணி ஒண்ணும் தேய்க்கல.

சோடாப் பாட்டு பிரமாதம். பாதிப் பசங்க "ஸ்ஸ்ஸ்", மீதிப் பசங்க "டொப்". கோலி சோடா உடைக்கற மாதிரியே. பால்காரன் சைக்கிளை நிறுத்திட்டு அவனும் டொப் சொன்னான். (பாலுல தண்ணி கலக்கறவன். இது வேற கணக்கு.)

அப்புறம் வேகப் பாட்டு. வெள்ளைக்காரங்க நாடகத்துல ஒருத்தர் வந்து மூச்சு விடாம கடகடன்னு அடுக்குவாராம். அது கட்டாயம் இருக்கணுமாம். டீச்சர் அதைப் புடவை பேரா மாத்திட்டாங்க. மளிகைக்கடைப் பேரன், குண்டுப் பையன், கலெக்டர் வேஷம்:

மயில்சக்கரம் மல்லிமொக்கு ருத்திராட்சம் ரெட்டைப்பேட்டு
வாழைப்பூ தாழம்பூ அன்னபட்சி ஆனைவரி
அரக்குக்கொரு பச்சைக்கரை மஞ்சளுக்கு மாந்துளிரு
எல்லாத்தையும் எடுத்துப்போட்டு எதுவும் வேணாம்னு போறாளே!

கடைசி வரிக்குத் தெருவே கைதட்டுச்சு. கடைக்கு வர்றவங்க அப்பிடித்தானே. மூணாவது தடவ பையனுக்கு மாந்துளிர்ல நாக்கு சுளுக்கிச்சு. டீச்சர், "அச்சா, மூச்சு இங்க எடு, மஞ்சளுக்கு முன்னாடி"ன்னு அவன் வயித்தைத் தொட்டுக் காட்டினாங்க. அடுத்த தடவ பாஞ்சு போச்சு.

ராத்திரி சாப்பாட்டுல குமரேசன் "ஸ்ஸ்ஸ்"ங்கறான். மருமக தேவி "டொப்"புங்கறா. ரசம் ஆறிப் போச்சு.

ஜனவரி 24, சனி

தூங்கற நேரம் தாண்டியாச்சு. இருந்தாலும் எழுதணும்.

சண்டை சீன் இன்னிக்கு. டீச்சர் ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க, வெள்ளைக்காரங்க சண்டை நமக்கு எதுக்கு, உங்க தெருவுல நடந்த சண்டை ஒண்ணு எழுதிக்கினு வாங்கன்னு. மதுவும் பூரணியும் சேர்ந்து உக்காந்து எழுதிச்சுங்களாம்.

பூரணி தெருவுக்குக் குறுக்க ஒரு சாக்பீஸ் கோடு போட்டா. "இதான் பாவு"ன்னா. இடுப்புல கை வெச்சா. மது ஒரு பிளாஸ்டிக் வாளியோட வந்தா. கோட்டு மேல ஊத்தற மாதிரி ஆட்டினா.

எனக்குப் புரிஞ்சுபோச்சு.

நடந்தது இது. மார்கழி. அரக்கு முகூர்த்தப் பாவு, கல்யாணத்துக்கு நாள் குறிச்சுக் குடுத்தது. விடியறதுக்கு முன்னாடி தெருவுல மூங்கில் கால் நட்டு, பாவை நீளமா நீட்டி, கஞ்சி போட்டு ஆத்திக்கினு இருந்தோம். பாவு தெருவுல இருந்தா யாரும் தாண்டக் கூடாது, வாசல் தெளிக்கறவங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தெளிக்கணும். இது தெருவுல பொறந்த குழந்தைக்கும் தெரியும். எ.வீ. கேக்கல. சாணித் தண்ணி. ஒரு வாளி முழுக்க. பட்டு மேல பொட்டுப் பொட்டா. முகூர்த்தப் புடவை கை விட்டுப் போச்சு.

அவ அன்னிக்குச் சொன்னது: "உன் பாவுக்குக் கண்ணில்லியா? என் கோலத்து மேல வந்து படுக்குது!"

நான் சொன்னது: "உன் வாளிக்குத்தான் கால் முளைச்சிருக்குது, என் பட்டைத் தேடி வருது!"

ரெண்டும் அப்பிடியே, ஒரு எழுத்து மாறாம, மெட்டோட! தெருவுல! என் வேஷம் பூரணிக்கு, பேரு பாவு பாக்கியம். எ.வீ. வேஷம் என் சொந்தப் பேத்திக்கு, பேரு வாளி வள்ளி. வேணும்னே மாத்திப் போட்டுக்கினாங்களாம். சொந்த ஆயாவா நடிக்கறதைவிட எதிர்வீட்டு ஆயாவா நடிக்கறது ஜாலியாம்.

தெரு விழுந்து விழுந்து சிரிக்குது. இஸ்திரிக்காரர் என் ஜன்னலைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கினாரு. சிரிச்சா சிரிக்கட்டும், அதைக்கூட விட்டேன். அடுத்து வந்துச்சு கடைசி சீன். பாவு பாக்கியம் ஓடிப்போய் வாளி வள்ளி கையைப் புடிச்சு, "மன்னிச்சுக்கம்மா, தப்பு என்மேல"ங்கறா. வள்ளியும் அதையே சொல்றா. கட்டிப் புடிச்சுக்கறாங்க.

நான் மன்னிப்புக் கேக்கறேன்! ஊர் முன்னாடி! மேளத்தோட!

ஜன்னலைச் சாத்தினேன். எதிர் ஜன்னலும் படார்னு சாத்தற சத்தம்.

மது வந்ததும் சொல்லிட்டேன். "நாடகம் கிடையாது. டீச்சர்கிட்ட வேற ஆளைப் பாக்கச் சொல்லு."

ஜனவரி 25, ஞாயிறு



மது அழல. அழுதிருந்தா திட்டியிருப்பேன். சாப்பிட்டா, தட்டு கழுவினா, மாடிக்குப் போயிட்டா. தாளை எல்லாம் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு ஷெல்ஃப்ல வெச்சுட்டா. அதை ரெண்டு தடவ போய்ப் பாத்தேன்.

குமரேசன் தறியிலேர்ந்தே: "நீ கேக்கலம்மா மன்னிப்பு. பாவு பாக்கியம் கேக்கறா."

"பாவு பாக்கியம் யாருன்னு இந்தத் தெருவுல தெரியாதவன் ஒருத்தனைக் கூட்டிக்கினு வா."

தறிச் சத்தம் ஜாஸ்தி ஆச்சு. அவன் தோத்தா அப்பிடித்தான் ஓட்டுவான்.

தேவி மெதுவா: "அத்தே, அவ இதுவரைக்கும் எதுலயும் முன்னாடி நின்னதில்ல. ஸ்போர்ட்ஸ் இல்ல, டான்ஸ் இல்ல. இதுக்கு மட்டும்தான் தானாப் போய் பேர் குடுத்தா."

தேவி அவ கல்யாணத்தன்னிக்கு எனக்குக் காப்பியில சர்க்கரை போடாம குடுத்தவ. ஆனா இன்னிக்குச் சொன்னது நியாயம்.

யோசிச்சேன். மது பாடட்டும். மன்னிப்புதான் கூடாது. அது ரெண்டும் வேற வேற.

ஜனவரி 26, திங்கள்

கொடி ஏத்தற நாள். ஸ்கூலுக்குப் போனேன், பட்டுப் புடவையில. சண்டைக்குப் போறப்போ நல்லா உடுத்திக்கினு போவணும்.

ஹால் வராண்டாவுல டீச்சர். பக்கத்து நாற்காலியில யாரு? எ.வீ.! அவளும் பட்டுலதான். மாம்பழக் கலர், கரை சுமார்.

டீச்சர் எழுந்து, "வாங்க லோகா ஆயா, இப்பத்தான் சரசு ஆயா..."

"டீச்சர், அவங்க பேசி முடிக்கட்டும். நான் நிக்கறேன்."

எ.வீ. என்னைப் பாக்காம: "டீச்சர், அவங்ககிட்ட சொல்லுங்க, நான் முடிச்சுட்டேன்னு. அந்த மன்னிப்பு சீனை எடுத்துடுங்க. நான் யாருகிட்டயும் கேட்டதும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல."



"டீச்சர், அவங்ககிட்ட சொல்லுங்க, நானும் அதுக்குத்தான் வந்தேன்னு."

டீச்சர் இந்தப் பக்கம் பாத்தாங்க, அந்தப் பக்கம் பாத்தாங்க. "ரெண்டு பேரும் ஒண்ணையே கேக்கறீங்க."

"இல்ல"ன்னோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. பல்லைக் கடிச்சுக்கினேன்.

டீச்சருக்குச் சங்கடம், முகத்துல தெரிஞ்சுது. "இந்த மாதிரி நாடகம் ஒண்ணுகூட சண்டையோட முடியாது ஆயா. கடைசியில எல்லாரும் மேடையில நின்னு பாடித்தான் ஆகணும். பசங்க அந்தப் பாட்டுக்குத்தான் காத்துக்கினு இருக்குதுங்க. சமாதானம் இல்லாம எப்பிடிச் சேர்ந்து பாடறது?"

"எங்க தெருவுல சமாதானம் இல்லாமத்தான் எல்லாம் நடக்குது"ன்னா எ.வீ. உண்மைதான். நான் தலையாட்டல.

டீச்சர் கீபோர்டு மேல விரலை ஓட்டினாங்க. வராண்டாவுல பசங்க மிட்டாய் பேப்பரைக் கசக்கற சத்தம். அப்புறம் திடீர்னு சிரிச்சாங்க. "இருக்குது ஆயா, வழி இருக்குது. அந்தப் பழைய நாடகங்கள்லயே உண்டு. மன்னிப்பு வேணாம். விட்டுக் குடுக்கவும் வேணாம். பாக்கியம் அவ நியாயத்தை ஒரு மெட்டுல பாடட்டும், வள்ளி அவ நியாயத்தை வேற மெட்டுல. முதல்ல தனித்தனியா. கடைசியில ரெண்டும் ஒரே நேரத்துல."

எ.வீ.: "ஒரே நேரத்துல பாடுனா யாருக்கு எது கேக்கும்?"

நானும் அதைத்தான் நெனச்சேன். வாயில வந்தது வேற: "யாரு பாட்டு சத்தமா இருக்கும்?"

"ரெண்டும் சமம் ஆயா."

"சமம்னா சரி," எ.வீ.

"சமம்னா சரி"ன்னு நானும் டீச்சர்கிட்ட சொன்னேன்.

வீட்டுக்கு வர்ற வழியில அவ தெருவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடை ஒண்ணாப் போச்சு. வேணும்னே தேங்காய்க் கடையில நின்னேன். தேங்காய் வேண்டியதே இல்ல.

மதுகிட்ட சொன்னதும் ரப்பர் பேண்டு அறுந்து பறந்துது.

ஜனவரி 28, புதன்

தேங்காய்ச் சட்னி. தேங்காய் சாதம். தேங்காய் தீரல.

மது பின்கட்டுல பாடறா: "போட்டது என் கோலம், மறைச்சது யாரு?" அது எ.வீ. நியாயம். என் வீட்ல! காதைப் பொத்திக்கினேன். நல்லாத்தான் பாடறா. அதான் பிரச்சினை.

எதிர்வீட்லேர்ந்து பூரணி குரல்: "நீட்டினது என் பாவு, நனைச்சது யாரு?" என் நியாயம், அவ வீட்டுக் கூரைக்குக் கீழ. இதை நெனச்சுக்கினே ரெண்டு இட்லி கூட சாப்பிட்டேன்.

தனித்தனியாத்தான் பாடறாங்க. ஒண்ணாச் சேர்த்து டீச்சர் ஸ்கூல்லதான் பழக்கறாங்களாம், யாரும் முன்னாடியே கேக்கக் கூடாதாம்.

ஜனவரி 30, வெள்ளி

பூரணி எங்க வீட்டுக்கு வந்துது. வாசப்படியில நின்னு, "ஆயா, உள்ள வரலாமா?"ன்னுது. அந்த வீட்டு ஆள் எங்க நிலைப்படி தாண்டினது... சரி, குழந்தை. வரச் சொன்னேன்.

"உங்க பழைய புடவை ஒண்ணு வேணும் ஆயா. பாக்கியத்துக்கு."

"உங்க ஆயாகிட்ட இல்லியா?"

"அது வள்ளிக்கு. மது கட்டிக்கப் போறா."

நீலக் கட்டம் போட்டதை எடுத்துக் குடுத்தேன். நல்லதாத்தான் குடுத்தேன். நான் மேடையில கந்தலா நிக்க முடியுமா?

கட்டிக்கினு கூடத்துல நடந்து காட்டுச்சு. வலது காலைக் கொஞ்சம் இழுத்து, தலையை ஆகாசத்துக்குத் தூக்கி, எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் மட்டும் பாக்காம.

"நான் இப்பிடியா நடக்கறேன்?"

தேவி சமையக்கட்டுல கரண்டியைக் கீழ போட்டா. குமரேசன் தறிக்குள்ள இருமறான். இருமல் இல்ல அது.

"இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடம்மா"ன்னேன். நான் குனிஞ்சு நடக்கறவ இல்ல.

மேடைக்கு சாக்பீஸ் கோடு போதாதுன்னு குமரேசன் கழிவுப் பட்டு நூலை அரக்குச் சாயத்துல தோய்ச்சு, நிஜப் பாவு மாதிரியே ஒண்ணு கட்டிக் குடுத்திருக்கான். ரெண்டு மூங்கில் காலோட. நாளைக்கு மேடை முழுக்க நீட்டுவாங்களாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தலைக்குக் குளிச்சாச்சு. நேத்து நடந்ததை இப்ப எழுதறேன். நேத்து எழுத முடியல, தொண்டை கட்டிப் போய்ச் சீக்கிரம் படுத்துட்டேன். ஏன்னு வருது.

ஹால் நிறைஞ்சு வழிஞ்சுது. எங்க தெரு மொத்தமும். பெயிண்ட் வாசனை. நான் இடது ஓரம், எ.வீ. வலது ஓரம். நடுவுல ஊர்.

சோடாப் பாட்டுக்குச் சேர்ந்து டொப் சொன்னாங்க ஜனங்க. ஆட்டுப் பாட்டுல ஒரு ஆடு வால் கழண்டு விழுந்து, அதுவே எடுத்து மாட்டிக்கினு மிச்சத்தைப் பாடுச்சு. மாந்துளிர் சறுக்கல. கலெக்டர் கையில கஞ்சி வாளி குடுத்தப்போ ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே கண்ணைத் துடைச்சுக்கினாங்க.

சண்டை சீன். பூரணி இடுப்புல கை வெச்சா. ஜனம் திரும்பி என்னைப் பாத்துது. நான் நேரா மேடையைப் பாத்தேன். மது வாளியோட வந்து அந்த வார்த்தையைப் பாடினா. ஜனம் எ.வீ. பக்கம் திரும்புச்சு. சிரிப்பு. பரவால்ல, எனக்குப் பாதி அவளுக்குப் பாதி.

கடைசிப் பாட்டு. இப்ப கோரஸ் மொத்தமும், சோடாக்காரங்க, போலீசு, ஆடுங்க, கலெக்டர், டிரைவர் எல்லாரும், மேடைக்குப் பின்பக்கத்துலேர்ந்து பாவைத் தாண்டி முன்னாடி வந்து வரிசையா நிக்கணும். ஒத்திகையில சாக்பீஸ் கோட்டை எத்தனையோ தடவ தாண்டினதுங்கதான். டீச்சர் கீபோர்டுல ஆரம்பிச்சாங்க. பசங்க ஓடி வந்துச்சுங்க.

பாவுகிட்ட வந்ததும் நின்னுடுச்சுங்க.

ஒண்ணுகூடத் தாண்டல. கால் எடுக்கல. எல்லாம் தறி வீட்டுப் புள்ளைங்க. முன்னாடி இருக்கறது சாக்பீஸ் இல்ல, பட்டு. அரக்குப் பட்டு, காலுல கட்டி நீட்டினது. மூளைக்குப் பொய்ப் பாவுன்னு தெரியும், காலுக்குத் தெரியுமா?

டீச்சர் அதே மெட்டைத் திரும்ப வாசிச்சாங்க. திரும்ப. ஹெட்மிஸ்ட்ரஸ் முன் வரிசையில, "தாண்டி வாங்க, தாண்டி வாங்க"ன்னு கை ஆட்டறாங்க. அவங்க வேற ஊர். ஒரு ஆடு காலைத் தூக்குச்சு, பக்கத்து ஆடு அதை இழுத்துப் புடிச்சுது. மளிகைக்கடைப் பேரன், தறி வீட்டுப் பையன்கூட இல்ல, அவனும் நிக்கறான். கையில வாளியோட சொன்னான்: "பாவு நீட்டியிருக்காங்க. எப்பிடிப் போறது?"

ஹால் வெடிச்சுது. சிரிப்புன்னா அப்பிடி ஒரு சிரிப்பு. குமரேசன் நாற்காலியிலேர்ந்து கீழ உக்காந்துட்டான். எனக்கு மட்டும் சிரிப்பு வரல. மது முகம் வெளுத்துப் போச்சு. உதடு துடிக்குது. அவ முதல் தடவ முன்னாடி நிக்கற மேடை இது, கடைசிப் பாட்டு பாடாமலே முடிஞ்சுடும்.

எழுந்துட்டேன். அடிவயித்துலேர்ந்து கத்தினேன்: "தூக்குங்கடி பாவை!"

அதே நேரத்துல வலது ஓரத்துலேர்ந்தும் அதே குரல்: "தூக்குங்கடி பாவை!" எ.வீ. எழுந்து நிக்கறா. அவசரமா யாராவது போவணும்னா ரெண்டு முனையிலயும் ரெண்டு பேர் பாவைக் காலோட தூக்குவோம், ஜனங்க குனிஞ்சு அடியில போவாங்க. தெருவுல நாள்பூரா நடக்கறதுதான்.

மது ஒரு முனைக்கு ஓடினா. பூரணி இன்னொரு முனைக்கு. தூக்கினாங்க. தலைக்கு மேல, கை ரெண்டும் நீட்டி. கோரஸ் குனிஞ்சு அடியில பூந்து வந்துது. கலெக்டருக்குத் தொப்பி விழுந்துச்சு, டிரைவர் எடுத்துக் குடுத்தான். அதுவும் நாடகம்னுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் நெனச்சாங்க.

பாவைக் கீழ வெக்க நேரமில்ல. பாட்டு வந்துடுச்சு. ரெண்டு பேரும் ரெண்டு முனையைத் தூக்கிப் புடிச்சுக்கினே பாடினாங்க. பூரணி, மெதுவான மெட்டு: நீட்டினது என் பாவு, நனைச்சது யாரு? மது, துள்ளற மெட்டு: போட்டது என் கோலம், மறைச்சது யாரு? அப்புறம் ரெண்டும் ஒண்ணா.

நான் முதல்ல என் பாட்டைத்தான் கேட்டேன். பூரணி ஒரு வரியை இழுக்கும்போது மதுவோடது அதுக்குள்ள பூந்து பூந்து வருது, பாவுக்குக் குறுக்க ஓடற ஊடு நூல் மாதிரி. ஒண்ணு இல்லாம ஒண்ணைக் கேக்க முடியல. இத்தனை வருஷத்துல அவ நியாயத்தை நான் முழுசாக் கேட்டது நேத்துதான். ஒத்துக்கல. கேட்டேன்.

கடைசியில கோரஸ் மொத்தமும் சேர்ந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வீட்லேர்ந்து விசில்.

யாரும் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்கல. திரை விழுந்தும் கைதட்டல் நிக்கல.

வெளிய வந்தப்போ டீச்சர் என் கையைப் புடிச்சுக்கினாங்க. "ஆயா, நிஜப் பாவுன்னா நிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"தோணியிருந்தா இவ்ளோ நல்லா வந்திருக்காதும்மா."

எ.வீ.யும் தொண்டை கட்டித்தான் போயிருப்பா. காலையில அவ வீட்லேர்ந்து கொத்தமல்லிக் கஷாயம் வாசனை.

பிப்ரவரி 2, திங்கள்

வெயில் வந்தாச்சு. வத்தல் போடணும்.

இஸ்திரிக்காரர் துணி குடுக்க வந்தாரு. தெருவெல்லாம் இதே பேச்சாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரசு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காங்க, கைதட்டல் அவங்க பேத்திக்குத்தான் ஜாஸ்தியாம்."

"அப்பிடியா சொல்றா?"

"ஆமாம்மா. பாவு பாக்கியம் வாயைத் திறந்தாலே விசிலாம்."

மடிச்ச துணியைக் கட்டில்ல போட்டேன். பாவு பாக்கியத்துக்கு விசிலாமே! பூரணி கட்டியிருந்தது யாரு புடவை? நடந்தது யாரு நடை? பாடினது யாரு நியாயம்? அந்த விசில் மொத்தமும் எனக்கு விழுந்தது. அவ பேத்தி வாங்கிக் குடுத்தா, அவ்வளவுதான். அவளுக்கு வேணும்னா மது வாங்கினதை எடுத்துக்கட்டும், அதுவும் குறைச்சல் இல்ல, வள்ளி வாளியை ஆட்டினப்போ கூரை அதிர்ந்துது.

இதை இஸ்திரிக்காரர்கிட்ட சொல்லி அனுப்பலாமான்னு பாத்தேன். அவர் பாதியை விட்டுடுவாரு. மதுவும் பூரணியும் ஸ்கூல்ல. டீச்சர் ஸ்கூல் முடிஞ்சு இந்தப் பக்கம் வர்றதுக்கு நாலு மணி ஆவும். அது வரைக்கும் அவ சொல்லிக்கினு திரிவா.

அவ வாசல்லதான் நிக்கறா, வத்தல் காய வெச்சுக்கினு. தெருவுல பாவு இல்ல. உள்ள போறதுக்குள்ள நானே போய் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்.